82-க்கு 44: ஒரு தேர்தல் விளம்பரத்தின் புற்றுநோய்க் கணக்கு

2007 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில வானொலியில் ஒரு தேர்தல் விளம்பரம் ஒலித்தது. பேசியவர் நியூயார்க் நகரின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக வரப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் தமக்குப் புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் வந்ததையும் கடவுள் அருளால் குணமானதையும் சொல்லிவிட்டு, அமெரிக்காவில் தாம் பிழைக்கும் வாய்ப்பு 82 சதவீதம், இங்கிலாந்தில் அரசு நடத்தும் மருத்துவத்தின் கீழ் அது வெறும் 44 சதவீதம் என்றார்.

முப்பது வினாடிக்குள் முடிந்துவிடும் இந்த வாதம் சாதாரண மனிதரை உலுக்கிவிடும். அட்லாண்டிக் கடலின் இந்தக் கரையில் ஐந்தில் நான்கு பேர் பிழைக்கிறார்கள், அந்தக் கரையில் பாதிக்கு மேல் செத்துப்போகிறார்கள் என்றால், இலவச மருத்துவம் யாருக்கு வேண்டும்? பிரிட்டனின் அன்றைய சுகாதார அமைச்சர் ஆலன் ஜான்சன் கண்டித்தார். அமெரிக்கப் பத்திரிகைகளின் உண்மை சரிபார்ப்பாளர்கள் கணக்கைக் கிழித்தெறிந்தார்கள். ஜூலியானியின் பிரசாரக் குழு பின்வாங்கவில்லை. அவர் சில மாதங்களில் போட்டியிலிருந்து விலகினார். அந்த இரண்டு எண்களோ மருத்துவப் புள்ளியியல் வகுப்புகளில் பாடமாக நிலைத்துவிட்டன.

பெரும்பாலான வகுப்புகள் இதைச் சுருக்கமாக முடித்துவிடுகின்றன: எண் பொய், அரசியல்வாதி ஏமாற்றினார். விஷயம் அத்தனை எளிதல்ல. எண் பிறந்த விதம் தவறு. ஆனால் இரு நாடுகளுக்கும் இடையே உயிர்வாழ்வு விகிதத்தில் பெரிய இடைவெளி இருந்தது உண்மை. அந்த இடைவெளிக்கு என்ன பொருள் என்பதில்தான் ஜூலியானியும் சறுக்கினார், அவரை மறுத்தவர்களில் சிலரும் சறுக்கினார்கள்.

எண் பிறந்த கதை

மூலம் டேவிட் கிராட்சர் என்ற கனடிய மனநல மருத்துவர். ஜூலியானியின் சுகாதார ஆலோசகர்களில் ஒருவர். 2007 கோடையில் சிட்டி ஜர்னல் இதழில் அவர் எழுதிய கட்டுரையில் அமெரிக்காவுக்கு 81.2, பிரான்சுக்கு 61.7, இங்கிலாந்துக்கு 44.3 என்று இருந்தது. காமன்வெல்த் ஃபண்ட் என்ற ஆய்வு அமைப்பு 2000-இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து அவரே போட்ட கணக்கு அது. ஆண்டுதோறும் ஒரு லட்சம் ஆண்களில் அமெரிக்காவில் 136 பேருக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது, சுமார் 26 பேர் இறந்தார்கள். பிரிட்டனில் கண்டறியப்பட்டவர்கள் 49, இறந்தவர்கள் 27, 28. இறந்தவர்களைக் கண்டறியப்பட்டவர்களால் வகுத்து, மீதியைப் பிழைத்தவர்கள் என்று வைத்துக்கொண்டார்.

இப்படி வகுக்கவே கூடாது. அந்த ஆண்டு இறந்தவர்கள் அந்த ஆண்டு கண்டறியப்பட்டவர்கள் அல்லர். பலர் பத்து ஆண்டுகளுக்கு முன்பே நோயாளியானவர்கள். இந்தத் தரவிலிருந்து ஐந்தாண்டு உயிர்வாழ்வைக் கணக்கிட முடியாது என்று காமன்வெல்த் ஃபண்டே அறிவித்தது. ஆனால் என் கண் போவது வகுத்தலின் மீதல்ல, வகுபட்ட எண்களின் மீது. 26-ஐயும் 27-ஐயும் பாருங்கள். ஒரு லட்சம் ஆண்களில் இந்த நோயால் இறந்தவர்கள் இரு நாடுகளிலும் ஏறக்குறைய சமம். வேறுபாடு முழுவதும் 136-க்கும் 49-க்கும் இடையில் இருக்கிறது. அமெரிக்காவில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பேருக்கு நோய் கண்டறியப்பட்டும் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. கிராட்சர் தம் முடிவுக்கு ஆதாரமாகக் காட்டிய தாளிலேயே அதற்கு எதிரான சான்றும் இருந்தது.

முறையாகக் கணக்கிட்ட எண்கள் அப்போதே இருந்தன. அமெரிக்காவில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 98 சதவீதத்தை எட்டியிருந்தது. இங்கிலாந்தில் அது 74-ஐ ஒட்டி இருந்தது. இது சார்பு உயிர்வாழ்வு: அதே வயதுடைய பொதுமக்கள் ஐந்தாண்டு வாழும் வாய்ப்போடு ஒப்பிட்டுச் சொல்வது. நோயாளிகள் நூறு பேரில் 98 பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. புரோஸ்டேட் நோயாளிகளில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதால் இதைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

ஆக, சரியான எண்ணிலும் 24 புள்ளி இடைவெளி. ஜூலியானியை மறுத்தவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்து போனார்கள்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது

ஐந்தாண்டு உயிர்வாழ்வு என்பது நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுவது. நோய் தொடங்கிய நாள் யாருக்கும் தெரியாது. இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே வயதில் நோய் தொடங்குகிறது, இருவரும் 72 வயதில் அதனாலேயே இறக்கிறார்கள். முதலாமவருக்கு 64 வயதில் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. எட்டு ஆண்டுகள் வாழ்ந்ததால் பிழைத்தவர் கணக்கில் சேர்கிறார். இரண்டாமவர் 69 வயதில் முதுகெலும்பு வலியோடு மருத்துவமனைக்கு வருகிறார், மூன்றாண்டில் இறக்கிறார். அவர் பிழைக்காதவர். முதலாமவர் ஒரு நாள்கூடக் கூடுதலாக வாழவில்லை. நோயாளி என்ற பெயரோடு கூடுதலாக ஐந்தாண்டு வாழ்ந்தார், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் இந்த நோயின் இயல்பிலேயே இருக்கிறது. வேறு காரணங்களால் இறந்த ஆண்களின் பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், முப்பது வயதுக்கு உட்பட்டவர்களில் 5 சதவீதத்தினரிடமும் எண்பதை நெருங்கியவர்களிலும் கடந்தவர்களிலும் 59 சதவீதத்தினரிடமும் புரோஸ்டேட் புற்றணுக்கள் காணப்பட்டன. அவர்களை அது ஒன்றும் செய்யவில்லை. தேடினால் கிடைத்துக்கொண்டே இருக்கும் நோய் இது. ஓர் ஊரில் வேகமாகப் பரவும் புற்று உள்ளவர்கள் நூறு பேர், ஐந்தாண்டில் ஐம்பது பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் உயிர்வாழ்வு 50 சதவீதம். பரிசோதனை முகாம் நடத்தி, தூங்கிக்கொண்டிருக்கும் புற்று உள்ள முந்நூறு பேரைச் சேர்த்துவிட்டால் 400-இல் 350 பேர் பிழைத்ததாக ஆகிவிடும்: 87.5 சதவீதம். இறந்தவர்கள் அதே ஐம்பது பேர். புதிதாகச் சேர்ந்த முந்நூறு பேரில் பலருக்கு அறுவைச் சிகிச்சையோ கதிர்வீச்சோ நடந்திருக்கும். சிறுநீர் அடக்க முடியாமையும் ஆண்மைக் குறைவும் அவர்களுக்குக் கிடைத்த மிச்சம்.

அமெரிக்காவில் நடந்தது ஏறக்குறைய இதுதான். புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு 1986-இல் நோயாளிகளைக் கண்காணிக்க மட்டும்தான் அனுமதி கிடைத்தது. மருத்துவர்கள் காத்திருக்கவில்லை. நலமாக இருந்தவர்களிடமும் சோதித்துப் பார்த்தார்கள். கண்டறியப்படுவோர் விகிதம் 1992-இல் உச்சம் தொட்டது. கண்டறிவதற்கான அனுமதி அதற்குப் பிறகு, 1994-இல்தான் வந்தது. பிரிட்டன் பொதுப் பரிசோதனைத் திட்டம் எதையும் தொடங்கவில்லை. ஐம்பது வயது கடந்தவர் தாமே கேட்டால் நன்மை தீமைகளை விளக்கிவிட்டுச் செய்யலாம், மருத்துவர் தாமாகப் போய் வற்புறுத்தக் கூடாது என்பது அங்கே கொள்கை.

ஜூலியானிக்கு நோய் கண்டறியப்பட்ட அதே 2000-ஆம் ஆண்டில் கில்பர்ட் வெல்ச்சும் அவருடைய சகாக்களும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். 1950-க்கும் 1995-க்கும் இடையே இருபது வகைப் புற்றுநோய்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு கூடிய அளவையும் இறப்பு விகிதம் மாறிய அளவையும் ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. உயிர்வாழ்வு கூடியது, கண்டறியப்படுவோர் எண்ணிக்கை கூடியதோடு சேர்ந்தே நகர்ந்தது. இது மருத்துவர்களின் காதில் ஏறவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. 2012-இல் அமெரிக்கப் பொது மருத்துவர்கள் 412 பேரிடம் கேட்டபோது, நான்கில் மூன்று பங்கினர் உயிர்வாழ்வு விகிதம் கூடுவதே பரிசோதனை உயிர்காக்கிறது என்பதற்குச் சான்று என்றார்கள். மருத்துவர்களே இப்படி என்றால் மேயரை மட்டும் குறைசொல்லி என்ன பயன்?

நிதி முறை மாறவில்லை, எண் மாறியது

கான்கார்ட் என்ற பன்னாட்டு ஆய்வு 2008-இல் 31 நாடுகளை ஒப்பிட்டது. 1990-94-இல் கண்டறியப்பட்ட நோயாளிகளில் ஐந்தாண்டு சார்பு உயிர்வாழ்வு அமெரிக்காவில் 92 சதவீதம், பிரிட்டனில் 51. கிராட்சரின் வகுத்தலுக்கு இது அதிகத் தூரமில்லை. தவறான வழியில் போய்ச் சரியான ஊருக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கிறார். அதே ஆய்வின் மூன்றாம் சுற்று 2018-இல் வந்தது. 2010-14-இல் கண்டறியப்பட்டவர்களில் அமெரிக்கா 97, பிரிட்டன் 89. இருபது ஆண்டுகளில் நாற்பது புள்ளி இடைவெளி எட்டாகச் சுருங்கியது.

இந்த இருபது ஆண்டுகளில் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை தனியாருக்கு விற்கப்படவில்லை. வரிப்பணத்தில், நோயாளியிடம் கட்டணம் வாங்காமல்தான் இயங்கிக்கொண்டிருந்தது. 44-க்குக் காரணம் அரசு மருத்துவம் என்றால் 89-க்கும் அதே அரசு மருத்துவம்தானே காரணமாக இருக்க வேண்டும்? சிகிச்சை மேம்பட்டது உண்மை. ஆனால் பெரும்பங்கு, பி.எஸ்.ஏ. சோதனை பிரிட்டனிலும் பரவியதால் வந்தது. நடிகர் ஸ்டீபன் ஃப்ரையும் செய்தி வாசிப்பாளர் பில் டர்ன்புல்லும் 2018-இல் தங்கள் நோயை வெளியே சொன்னதும் பரிசோதனைக்கு வந்தவர்களின் கூட்டத்தை அங்குள்ள சிறுநீரியல் துறைகள் நன்றாக நினைவில் வைத்திருக்கும்.

பதிவேடுகள் தரும் குழப்பம் தனி. சிலருடைய நோயை இறப்புச் சான்றிதழால் மட்டுமே அறிந்து, பின்னோக்கித் தேடிப் பதிவு செய்வதாலும், நீண்ட நாள் வாழ்பவர்கள் சிலர் பதிவிலிருந்து தப்பிவிடுவதாலும் பிரிட்டனின் உயிர்வாழ்வு இருப்பதைவிட மோசமாகத் தோன்றுகிறது என்று வலேரி பெராலும் ரிச்சர்ட் பீட்டோவும் 2010-இல் வாதிட்டார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் நாடுகளை ஒப்பிடும்போது நோயை மட்டுமல்ல, எழுத்தர்களின் பழக்கத்தையும் சேர்த்தே ஒப்பிடுகிறோம். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு போன்றவற்றில் நோயாளி உயிரோடு இருக்கிறாரா என்று அறிய வீடு தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஸ்வீடனில் அடையாள எண்ணைத் தட்டினால் போதும்.

அமெரிக்காவுக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம்

உயிர்வாழ்வு விகிதம் மாயை, இறப்பு விகிதம் சமம், ஆகவே இரு முறைகளும் சமம் என்று முடித்துக்கொள்வது வசதியானது. தரவு அதற்கு இடம் தரவில்லை. சைமன் காலினும் சகாக்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு 1975 முதல் 2004 வரை இரு நாடுகளின் இறப்பு விகிதத்தைப் பார்த்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உச்சத்தில் இருந்தன. அதன்பின் அமெரிக்காவில் ஆண்டுக்கு 4 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தது. பிரிட்டனில் 1 சதவீதத்துக்குச் சற்று மேல். இது கடிகார விளையாட்டு அல்ல. இறப்பு இறப்புதான். ஜூலியானியின் எண்கள் எடுக்கப்பட்ட ஆண்டுகளில் சமமாக இருந்தது, அவர் பேசிய ஆண்டில் சமமாக இல்லை.

காரணம் என்ன என்பதில்தான் சண்டை. பரிசோதனையே என்பவர்களுக்கு ஐரோப்பாவில் நடந்த பெரிய சமவாய்ப்பு ஆய்வு (யாரைச் சோதனைக்கு அழைப்பது என்பதைக் குலுக்கல்போல் முடிவுசெய்யும் ஆய்வு) துணைநிற்கிறது. அதில் சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் இந்த நோயால் வந்த சாவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 23 ஆண்டுத் தொடர்கண்காணிப்பில் அது 13 சதவீதமாகியது: 456 பேரை அழைத்தால் ஒரு சாவு தவிர்க்கப்படுகிறது. பயனில்லை என்பவர்கள் அமெரிக்காவில் 76,000 பேரிடம் நடந்த ஆய்வைக் காட்டுவார்கள். ஆனால் அங்கே சோதிக்கப்படாத குழுவில் இருந்தவர்களிலும் ஏறக்குறைய எல்லோரும் வெளியே போய்ச் சோதித்துக்கொண்டுவிட்டார்கள். சோதித்தவரையும் சோதித்தவரையும் ஒப்பிட்டால் வேறுபாடு எங்கிருந்து வரும்? பிரிட்டனில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரை மட்டும் ஒரே ஒரு முறை சோதனைக்கு அழைத்துப் பார்த்ததில், பதினைந்து ஆண்டு முடிவில் இறப்பு 0.78-இலிருந்து 0.69 சதவீதமாகத்தான் குறைந்தது. பயன் உண்டு, சிறியது, மெதுவாக வருவது. 1994-லேயே தொடங்கிவிட்ட சரிவு முழுவதையும் பரிசோதனையின் கணக்கில் எழுத அந்த மெதுவே தடையாக நிற்கிறது. முதியவர்களுக்கும் தயங்காமல் சிகிச்சை தந்த அமெரிக்கப் பழக்கத்துக்கும் பங்கு இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்கா பின்பு எதிர்த் திசையிலும் போய்ப் பார்த்தது. தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2012-இல் பி.எஸ்.ஏ. பரிசோதனையை எல்லா வயதினருக்கும் வேண்டாம் என்றது. அடுத்த ஆண்டுகளில் நோய் முற்றிப் பரவிய நிலையில் வருபவர்கள் கூடினார்கள், இறப்பு குறைந்துவந்த வேகம் தணிந்தது. 2018-இல் 55 முதல் 69 வயது வரை மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம் என்று பரிந்துரை மாற்றப்பட்டது.

எல்லையைக் கடக்காத ஒப்பீடு

நாட்டை நாட்டோடு ஒப்பிடும்போது பரிசோதனைப் பழக்கம், பதிவேடு, மரபு எல்லாம் கலந்துவிடுகின்றன. மருத்துவ முறையின் பங்கை மட்டும் பிரித்துப் பார்க்க, ஒரே நாட்டுக்குள் இரண்டு முறைகள் இருக்கும் இடம் வேண்டும். அமெரிக்காவிலேயே அது இருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பின ஆண்கள் இந்த நோயால் இறக்கும் விகிதம் வெள்ளையரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மரபணு என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறை அங்கே அரசே நடத்துவது. மருத்துவமனை அரசுடையது, மருத்துவர் சம்பளம் வாங்குபவர். ஜூலியானி பழித்த பிரிட்டிஷ் முறைக்கு அமெரிக்க மண்ணில் மிக நெருங்கிய உறவினர் இதுதான். அங்கே சிகிச்சை பெற்ற சுமார் 60,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், பத்தாண்டுக்குள் இந்த நோயால் இறந்தவர்கள் கறுப்பினத்தாரில் 4.4 சதவீதம், வெள்ளையரில் 5.1. வெளியே இரண்டு மடங்காக இருக்கும் வேறுபாடு உள்ளே மறைந்துவிடுகிறது. அங்கும் கறுப்பினத்தாருக்கு நோய் வருவதே அதிகம் என்பதை மறக்கக் கூடாது. வந்த பிறகு யார் பிழைப்பார் என்பதைத்தான் சமமான மருத்துவ வசதி மாற்றியிருக்கிறது. காப்பீடு இல்லாமல் 65 வயதில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு வரும் வரை வலியைப் பொறுத்துக்கொண்டு காத்திருப்பவரின் நிலையையும் அந்த இரட்டைமடங்கு எண்ணுக்குள் தேட வேண்டும்.

கட்டணமில்லாத முறைக்கும் இதே சோதனையை வைக்கலாம். ப்ராஸ்டேட் கேன்சர் யுகே அமைப்பு 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, நோய் கண்டறியப்படும்போதே உடலில் பரவி, குணப்படுத்த முடியாத நிலையில் இருந்தவர்கள் லண்டனில் 12.5 சதவீதம், ஸ்காட்லாந்தில் 35. இரு இடத்திலும் மருத்துவம் இலவசம். ஆனால் 'கேட்டால் செய்வோம்' என்ற கொள்கையில் கேட்கத் தெரிந்தவர் முந்திக்கொள்கிறார். மருத்துவரிடம் தானாகப் போய்ப் பரிசோதனை கேட்பவர் பெரும்பாலும் படித்தவர், வசதியானவர். கட்டணத்தை ஒழித்தால் தடை ஒழிந்தது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை இந்த நிகழ்வில் ஒரு வேடிக்கை உண்டு. ஜூலியானிக்கு ஹார்மோன் சிகிச்சையும் கதிர்வீச்சும் தந்து, புரோஸ்டேட்டுக்குள் கதிரியக்க விதைகளையும் பதித்தார்கள். அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தபடி விதைகளை ஊன்றும் நவீன முறையை உருவாக்கியவர் டென்மார்க்கின் ஹான்ஸ் ஹென்ரிக் ஹோல்ம். எண்பதுகளின் தொடக்கத்தில், வரிப்பணத்தில் நடக்கும் அரசு மருத்துவமனையில். அங்கிருந்து சியாட்டில் நகருக்கு வந்து அமெரிக்கா முழுவதும் பரவியது. பிரிட்டனின் பங்கும் சிறியதல்ல. ஆரம்பநிலை நோயாளிகள் 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பதினைந்து ஆண்டு தொடர்ந்த ஆய்வு அங்கே நடந்தது. மூன்று குழுக்களிலும் சேர்த்து இந்த நோயால் இறந்தவர்கள் 2.7 சதவீதம்தான், குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஜூலியானியைப்போல் 55 வயதில், ஆரம்ப நிலையில், ரத்தப் பரிசோதனையால் நோய் தெரியவந்த ஒருவருக்குப் பொருந்தும் எண் இதுதான். 82-உம் அவருடையதல்ல, 44-உம் அவருடையதல்ல.

முற்றிய நோய்க்கான சிகிச்சையை மாற்றிய ஸ்டாம்பீட் ஆய்வும் 2005 முதல் பிரிட்டனில் நடந்ததுதான். பரவிய நோய்க்குத் தொடக்கத்திலேயே டோசிடாக்சல் என்ற கீமோதெரபி மருந்தைத் தந்தால் ஆயுள் கூடும் என்று 2015-லும், அபிரடெரோன் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையைத் தந்தால் கூடும் என்று 2017-லும் அது காட்டியது. நோய் இன்னும் பரவாத, ஆனால் பரவும் ஆபத்து மிகுந்த ஆண்களுக்கும் அபிரடெரோன் உயிர்காக்கிறது என்ற முடிவு 2021 இறுதியில் வந்தது. அந்த ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் ஆண்கள். மருந்தின் காப்புரிமையும் முடிந்து விலையும் விழுந்துவிட்டது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் அதை வழங்கத் தொடங்கின. இங்கிலாந்தில் சில ஆண்டுகள் அது வழக்கமான சிகிச்சையாகக் கிடைக்கவில்லை. காப்புரிமை முடிந்த மருந்துக்குப் புதிய உரிமம் கேட்டு விண்ணப்பிக்க எந்த நிறுவனத்துக்கும் லாபமில்லை, வேறு வழியாக அனுமதிக்க அந்த ஆண்டின் நிதி ஒதுக்கீட்டில் இடமில்லை. அந்த ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வசித்தவருக்கு மாத்திரை கிடைத்தது, எல்லைக்குத் தெற்கே இங்கிலாந்தின் நியூகாசிலில் வசித்தவர் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டியிருந்தது.